ஒரு மைக், நாலு டிராக், ஒரே ஆள் - பால் மெக்கார்ட்னி வீட்டில் செய்த இசைத்தட்டு

பீட்டில்ஸ் எப்போது உடைந்தது என்று இசைப் பைத்தியங்களைக் கேட்டால், யோசிக்காமல் 1970 ஏப்ரல் 10 என்பார்கள். லண்டனின் 'டெய்லி மிர்ரர்' அன்றுதான் பால் மெக்கார்ட்னி குழுவை விட்டு விலகுகிறார் என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. உலகமே அலறியது. ஆனால் செய்தி கிடைத்த விதத்தைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். பால் எந்தப் பத்திரிகையாளர் கூட்டத்தையும் கூட்டவில்லை, அறிக்கையும் வாசிக்கவில்லை. புதிய ஆல்பத்தின் விமர்சனப் பிரதிகளோடு ஒரு கேள்வி-பதில் தாளை மடித்து வைத்து அனுப்பினார்கள், அவ்வளவுதான்! அந்த ஆல்பத்தின் பெயர் 'மெக்கார்ட்னி'. பெரும்பகுதி வீட்டிலேயே பதிவு செய்யப்பட்டது. கிடார், பேஸ், டிரம்ஸ், பியானோ, ஆர்கன் எல்லாமே ஒரே ஆள். கூடப் பாடியவர் மனைவி லிண்டா மட்டும்.

பீட்டில்ஸ் முறிவைப் பற்றிப் புத்தகங்கள் ஏராளம். யோகோ ஓனோ காரணமா, ஆலன் க்ளைன் காரணமா என்ற பட்டிமன்றம் ஐம்பது வருடங்களுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் இந்தச் சின்ன ஆல்பம் எப்படி உருவானது என்ற கதையைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். உண்மையில் அதுதான் சுவாரஸ்யமான பகுதி.

முதலில் இவர் எப்படி பேஸ் வாசிப்பவர் ஆனார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். விரும்பி ஆனவர் இல்லை. குழுவின் முதல் பேஸ் கலைஞர் ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலேயே தங்கி ஓவியம் படிக்கப் போகிறேன் என்று விலகினார். அடுத்து யார் பேஸ் வாசிப்பது? ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் கிடாரை விடத் தயாராக இல்லை. வேலை பால் தலையில் விழுந்தது. அந்தக் காலத்தில் பேஸ் என்றால் மேடையின் பின்பக்கம் நிற்கும் ஆளின் வாத்தியம். ஹாம்பர்க்கில் வயலின் வடிவத்தில் இருந்த ஹோஃப்னர் பேஸ் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினார். பால் இடக்கைக்காரர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்த அந்த வாத்தியத்தைத் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியவில்லை. அதுவே அவருடைய அடையாளமாகிவிட்டது.

பேஸ் தலையில் விழுந்ததே தவிர, மற்ற வாத்தியங்களை அவர் விடவில்லை. 1965-ல் 'யெஸ்டர்டே' பதிவில் வாசித்த பீட்டில் அவர் ஒருவர்தான், மற்ற மூவரும் அதில் இல்லை. 1968 ஆகஸ்டில் ரிங்கோ ஸ்டார் கோபித்துக்கொண்டு சில நாட்கள் போய்விட்டபோது 'பேக் இன் தி யு.எஸ்.எஸ்.ஆர்.', 'டியர் ப்ரூடன்ஸ்' இரண்டு பாடல்களுக்கும் டிரம்ஸ் அடித்தது பால்தான். 1969 ஏப்ரலில் 'தி பேலட் ஆஃப் ஜான் அண்ட் யோகோ'வை ஜானும் இவரும் இரண்டே பேராக முடித்தார்கள். அதிலும் டிரம்ஸ் இவர். (இதெல்லாம் மற்றவர்களுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்!) ஆக, ஒரு முழு ஆல்பத்தைத் தனியாக வாசிக்கும் திறமை 1969-க்கு முன்பே அவரிடம் இருந்தது. தேவை அதுவரை வரவில்லை.

தேவை வந்தது 1969 செப்டம்பர் 20-ஆம் தேதி. பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிளில் கூட்டம். (இது கம்ப்யூட்டர் ஆப்பிள் அல்ல, அதற்கும் முந்தையது.) சின்னச் சின்ன கிளப்களில் மறுபடி வாசிக்கலாம், பழையபடி ஆரம்பிக்கலாம் என்று பால் திட்டம் சொல்லிக்கொண்டிருக்க, ஜான் தனக்கு விவாகரத்து வேண்டும் என்று ஒரே போடாகப் போட்டார். குழுவிடமிருந்து விவாகரத்து. ஆறு நாள் கழித்து 'ஆபி ரோடு' ஆல்பம் கடைக்கு வரப்போகிறது. ராயல்டியை உயர்த்தும் பேரத்தில் இருந்த மேலாளர் க்ளைன், செய்தி வெளியே போகக்கூடாது என்றார். நால்வரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

க்ளைனைத் தேர்ந்தெடுத்ததில் பாலுக்குச் சம்மதம் கிடையாது. லிண்டாவின் தந்தை லீ ஈஸ்ட்மன், சகோதரர் ஜான் ஈஸ்ட்மன் இருவரும் நியூயார்க் வழக்கறிஞர்கள், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. மாமனார் கையில் கஜானாவைக் கொடுக்க மற்ற மூவரும் ஒத்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால், அவர்கள் தயங்கியதில் நியாயம் இருந்தது. மூன்றுக்கு ஒன்று. பால் தோற்றார்.

லிண்டா, அவருடைய மூத்த மகள் ஹெதர், ஆகஸ்டில் பிறந்த மேரி ஆகியோருடன் பால் ஸ்காட்லாந்துக்குப் போனார். கின்டைர் தீபகற்பத்தில் கேம்பல்டவுன் அருகே 1966-லேயே அவர் வாங்கிப் போட்டிருந்த பண்ணை வீடு அது. பழைய வீடு, வசதி குறைவு. அந்த மாதங்களைப் பற்றி அவரே பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். காலையில் படுக்கையை விட்டு எழ மனமில்லை, சவரம் இல்லை, எழுந்ததும் குடி. பதினைந்து வயதில் ஜானைச் சந்தித்ததிலிருந்து அந்தக் குழுதான் அவர் வாழ்க்கை. இருபத்தேழு வயதில் வேலை போய்விட்டது. போய்விட்டது என்று வெளியே சொல்லவும் முடியாது! இது போதாதென்று அதே சமயத்தில் அமெரிக்காவில் பால் செத்துப்போய்விட்டார், இருப்பது போலி என்று ஒரு புரளி தீயாகப் பரவியது. 'லைஃப்' பத்திரிகை ஆட்கள் பண்ணைக்கே வந்து படமெடுத்து, ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று நவம்பரில் அட்டையில் போட வேண்டியிருந்தது. அந்தப் பேட்டியிலேயே பீட்டில்ஸ் கதை முடிந்தது என்ற தொனியில் பால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. செத்தாரா இல்லையா என்பதுதானே முக்கியம்!

அவரை எழுப்பி உட்கார வைத்தது லிண்டா. டிசம்பரில் குடும்பம் லண்டன் திரும்பியது. வீடு செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில், பீட்டில்ஸ் பதிவு செய்துவந்த இ.எம்.ஐ. ஸ்டுடியோவுக்கு நடந்தே போகலாம். ஆனால் அங்கே போனால் விஷயம் தெரிந்துவிடும், மற்றவர்கள் முகத்தையும் பார்க்க வேண்டும். அதனால் ஸ்டூடர் நிறுவனத்தின் நாலு டிராக் டேப் இயந்திரம் ஒன்றை வீட்டுக்கே வரவழைத்தார்.

நாலு டிராக் என்றால் என்ன? ஒரே டேப்பில் பக்கத்துப் பக்கத்தில் நாலு பாதைகள். முதல் பாதையில் பாட்டையும் கிடாரையும் பதிவு செய்யலாம். டேப்பைப் பின்னால் சுற்றி, அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது பாதையில் டிரம்ஸ் அடிக்கலாம். மூன்றாவதில் இன்னொரு கிடார், நான்காவதில் பேஸ். நாலும் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் இடமில்லை. இன்று செல்போனிலேயே இதைவிட அதிகம் செய்துவிடலாம். அன்றைக்கு இது லட்சியக் கருவி என்று நினைத்துவிட வேண்டாம். 1967-ல் 'சார்ஜென்ட் பெப்பர்' செய்ததும் ஸ்டூடரின் நாலு டிராக்கில்தான் என்றாலும், 1969-ல் பெரிய ஸ்டுடியோக்கள் எட்டு டிராக்குக்குப் போய்விட்டன. பாலிடம் வந்தது ஒரு தலைமுறை பழசு.

கருவி வந்தது, ஆனால் மிக்சர் வரவில்லை. ஒலி எவ்வளவு உயரம் போகிறது என்று முள் காட்டுமே, அந்த மீட்டரும் இல்லை. இருந்தது ஒரே ஒரு மைக். அதை இயந்திரத்தின் பின்னால் நேராகச் செருகினார். டிரம்ஸ் சத்தத்தில் பதிவு பிசிறடிக்கிறதா என்று எப்படித் தெரியும்? கொஞ்சம் அடித்துப் பார், போட்டுக் கேள், சரியில்லை என்றால் மைக்கைத் தள்ளி வை, மறுபடி அடி. சிம்பல் சத்தம் அதிகமா? மைக்கை நகர்த்து. முழுக்க முழுக்க காதை நம்பிய வேலை. பயன்படுத்திய கருவிகள் என்னென்ன என்று பின்னால் கேட்டதற்கு, ஒரு ஸ்டூடர், ஒரு மைக், கொஞ்சம் துணிச்சல் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார்.

இயந்திரம் வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் பதிவு செய்தது 'தி லவ்லி லிண்டா'. முக்கால் நிமிடத்துக்கும் குறைவான துணுக்கு. முதல் டிராக்கில் குரலும் கிடாரும், அடுத்ததில் இன்னொரு கிடார், பிறகு தாளத்துக்கு ஒரு புத்தகத்தின் மேல் கையால் தட்டல், கடைசியாக பேஸ். நடுவே யாரோ கதவைத் திறக்கும் கிறீச் சத்தமும் பதிவாகியிருக்கிறது. அதை அழிக்காமல் ஆல்பத்தின் முதல் பாடலாகவே வைத்துவிட்டார். 'ஆபி ரோடு' போன்ற பளபளப்பான ஆல்பத்துக்கு ஏழே மாதம் கழித்து இதைக் கேட்டவர்கள் திகைத்துப் போனதில் ஆச்சரியமில்லை.

பேஸ் கடைசியில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டும் தாளமும் மற்ற எல்லாமும் முடிந்தபின், இடைவெளி எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கே பேஸை நுழைப்பது 'சார்ஜென்ட் பெப்பர்' நாட்களிலிருந்தே அவர் பழக்கம். அதனால்தான் அவருடைய பேஸ் வெறுமனே தாளம் போடாமல் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டே போகும். மற்ற மூவர் இல்லாமல் தன்னோடு தானே வாசிக்கும்போதும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

பாடல்களுக்கும் பஞ்சமில்லை. பழைய பெட்டியைக் கிளறினார். 'ஹாட் ஆஸ் சன்' 1950களின் கடைசியில் பள்ளி நாட்களில் போட்ட மெட்டு. 'ஜங்க்', 'டெடி பாய்' இரண்டும் 1968-ல் மகரிஷியிடம் தியானம் கற்க ரிஷிகேஷ் வந்திருந்தபோது பிறந்தவை. கங்கைக் கரையில் உருவாகி, பீட்டில்ஸ் ஆல்பங்களில் இடம் கிடைக்காமல், இங்கே வந்து சேர்ந்தன. 'ஜங்க்' கேட்டுப் பார்க்க வேண்டிய பாடல். உடைந்த பழைய சாமான்களைப் பற்றியது, அந்த நேரத்துக்கு அத்தனை பொருத்தம். சில துண்டுகள் அங்கேயே வாசித்துக்கொண்டே உருவாக்கியவை. 'வாலன்டைன் டே' அப்படிப்பட்டது, அப்படித்தான் ஒலிக்கிறது. ஓரிரண்டு துண்டுகளை விட்டிருந்தால் ஆல்பம் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

1970 பிப்ரவரியில் வீட்டு டேப்புகளை எடுத்துக்கொண்டு வில்ஸ்டன் பகுதியில் இருந்த மார்கன் ஸ்டுடியோவுக்குப் போனார். அங்கே நாலு டிராக்கை எட்டு டிராக்குக்கு மாற்றினால் மேலும் நாலு பாதை கிடைக்குமே! ரகசியம் காக்க 'பில்லி மார்ட்டின்' என்ற பொய்ப் பெயரில் நேரம் ஒதுக்கினார்கள். 'ஊ யூ' என்ற பாடலில் கிடார், மாட்டு மணி இவற்றோடு ஒரு ஏரோசால் ஸ்பிரேயைப் புஸ்ஸென்று அடித்த சத்தத்தையும் சேர்த்திருக்கிறார். பிரேசில் காட்டுப் பழங்குடி ஒன்றைப் பற்றிய தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்துவிட்டு, மறுநாளே 'க்ரீன்-அக்ரோரே' என்று டிரம்ஸ் அடித்துத் தள்ளினார். அதற்காக ஸ்டுடியோவுக்குள் வில்லும் அம்பும் வந்தன, சுள்ளி முறியும் சத்தம் வந்தது, கணவனும் மனைவியும் மிருகங்கள் மாதிரிக் கத்தினார்கள்.

இ.எம்.ஐ. ஸ்டுடியோவுக்கும் அதே பொய்ப் பெயரில் போனார். பிப்ரவரி 22 அன்று அங்கே பதிவானதுதான் 'மேபீ ஐ'ம் அமேஸ்டு'. பியானோ, டிரம்ஸ், பேஸ், லீட் கிடார் எல்லாம் அவரே. தொண்டை கிழியப் பாடியிருப்பார். படுக்கையில் கிடந்த தன்னை எழுப்பியவளுக்கு எழுதிய பாடல். இதை மட்டும் தனி சிங்கிளாக வெளியிட்டிருந்தால் எங்கேயோ போயிருக்கும், ஏனோ வெளியிடவில்லை. ஏழு வருடம் கழித்து விங்ஸ் குழுவின் மேடைப் பதிவுதான் சிங்கிளாக வந்து அமெரிக்காவில் முதல் பத்துக்குள் நுழைந்தது.

வேலை முடிந்தது. 13 பாடல்கள், சுமார் 35 நிமிடம். வெளியீட்டுத் தேதி ஏப்ரல் 17. இங்கேதான் வெடித்தது.

பீட்டில்ஸின் 'லெட் இட் பி' ஆல்பமும் ஏப்ரல் கடைசியில் வருவதாக இருந்தது. ஒரே நிறுவனம் ஒரே வாரத்தில் இரண்டு பெரிய ஆல்பங்களை எப்படி வெளியிடும்? ஜானும் ஜார்ஜும் பாலின் ஆல்பத்தை ஜூன் 4-க்குத் தள்ளிவைக்கச் சொல்லி இ.எம்.ஐ.க்கு எழுதிவிட்டார்கள். அதைத் தெரிவித்து மார்ச் 31 தேதியிட்டு பாலுக்கும் ஒரு கடிதம். அலுவலகப் பையன் கையில் கொடுத்தனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று ரிங்கோ தானே எடுத்துக்கொண்டு போனார். நால்வரில் யாரோடும் பகையில்லாத மனிதர். கடிதத்தைப் படித்ததும் பால் நிதானம் இழந்து கத்தி, விரலை முகத்துக்கு நேரே நீட்டி மிரட்டி, கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போ என்று விரட்டிவிட்டதாக ரிங்கோ பின்னர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார். அப்படி விரட்டப்பட்ட ரிங்கோ திரும்பிப் போய் மற்றவர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? அந்தத் தேதி அவனுக்கு அவ்வளவு முக்கியம் என்றால் கொடுத்துவிடுவோம் என்றார்! ஏப்ரல் 17 பாலுக்கே கிடைத்தது. 'லெட் இட் பி' மே 8-க்குப் போனது.

ஏப்ரல் 1-ஆம் தேதி இன்னொன்றும் நடந்தது. பால் எழுதிய 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு' பாடலுக்குத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர், பாலைக் கேட்காமலே பெரிய ஆர்கெஸ்ட்ராவையும் பெண்கள் கோரஸையும் ஏற்றினார். வீட்டில் ஒரே மைக்கில் கதவுச் சத்தத்தோடு பதிவு செய்துகொண்டிருந்தவருக்கு அதைக் கேட்டதும் எப்படி இருந்திருக்கும்!

இந்த மனநிலையில்தான் அந்தக் கேள்வி-பதில் தாள் தயாரானது. நேரில் பேட்டி கொடுக்க பால் விரும்பவில்லை. ஆப்பிள் தரப்பிலிருந்து கேள்விகள் வந்தன, இவர் எழுதிக் கொடுத்தார். மற்ற மூவரோடு புதிய ஆல்பம் திட்டம் உண்டா? இல்லை. லெனன்-மெக்கார்ட்னி கூட்டணி மறுபடி பாட்டெழுதுமா? இல்லை. பிரிவு தற்காலிகமா நிரந்தரமா என்பதற்கு மட்டும் தெரியாது என்று பதில். கவனித்துப் பார்த்தால் விலகினேன் என்ற வார்த்தையே அந்தத் தாளில் இல்லை. பத்திரிகைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஜானுக்குத்தான் பயங்கரக் கோபம். ஏழு மாதம் முன்பே விலகியது தான், சொல்லாதே என்றார்கள், வாயை மூடிக்கொண்டிருந்தேன், இவன் அதையே ஆல்பம் விற்கப் பயன்படுத்திக்கொண்டானே என்று. அவர் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஆல்பம் விற்றது. அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடம். அதை அங்கிருந்து இறக்கிய ஆல்பம் எது? 'லெட் இட் பி'! பிரிட்டனில் சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்டு வாட்டர்' வழிவிடாததால் இரண்டாம் இடத்தோடு நின்றது. விமர்சகர்களில் பலர் சேர்த்துக் கும்மினார்கள். ஆறப்போட்ட பாடல்கள், அரைகுறை வேலை, பெரிய மனிதரின் பொழுதுபோக்கு. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜார்ஜ் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்று மூன்று தட்டு ஆல்பத்தோடும், ஜான் 'பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்' ஆல்பத்தோடும் வந்தபோது பாலின் ஆல்பம் இன்னும் இளைத்துத் தெரிந்தது.

பணம் விஷயத்தில் இன்னொரு சிக்கல். 1967-ல் நால்வரும் போட்ட கூட்டாண்மை ஒப்பந்தப்படி தனி ஆல்பங்களின் வருமானமும் பொதுப் பெட்டிக்கே போகும். வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசித்த ஆல்பத்தின் காசும், தான் ஏற்காத க்ளைனின் நிர்வாகத்தில் இருந்த பெட்டிக்கு! 1970 டிசம்பர் 31 அன்று கூட்டாண்மையைக் கலைக்கக் கோரி மற்ற மூவர் மேலும் லண்டன் உயர் நீதிமன்றத்தில் பால் வழக்குப் போட்டார். தன் ஆல்பத்தைத் தள்ளிவைக்கப் பார்த்ததையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார். 1971 மார்ச் 12 அன்று நீதிபதி ஸ்டாம்ப், கணக்கு வழக்குகளைக் கவனிக்க ரிசீவர் ஒருவரை நியமித்தார். அன்று பால்-லிண்டாவின் இரண்டாவது திருமண நாள். சட்டப்படி எல்லாம் தீர 1975 ஜனவரி ஆனது.

இதே 1970-ல் கலிபோர்னியாவில் எமிட் ரோட்ஸ் என்ற இளைஞரும், ஹாதோர்னில் பெற்றோர் வீட்டுப் பின்னால் இருந்த கொட்டகையில் நாலு டிராக் இயந்திரத்தை வைத்து, எல்லா வாத்தியமும் தானே வாசித்து ஒரு ஆல்பம் செய்தார். நல்ல ஆல்பம், ஓரளவு விற்கவும் செய்தது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு ஆல்பம் தர வேண்டும் என்பது அவர் போட்டிருந்த ஒப்பந்தம். தனியாளாக எப்படி முடியும்? நிறுவனம் வழக்குப் போட்டது, 1973-க்குள் அவர் ஒதுங்கியே போய்விட்டார். பாலுக்கு எதிர்த்து நிற்கப் பணமும் வழக்கறிஞர் மாமனாரும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைப் படிக்க வேண்டும். 1979-ல் டாஸ்காம் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டுடியோ வந்து, சாதாரண கேசட்டிலேயே நாலு டிராக் பதிவு செய்யலாம் என்றான பிறகுதான் இந்த வித்தை மற்றவர்களுக்கும் எட்டியது. ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' (1982) அதில் உருவானதுதான்.

பால் இதே வேலையை இன்னும் இரண்டு முறை செய்தார். 1979 கோடையில், விங்ஸ் குழு அலுத்துப் போயிருந்த நேரம், பதினாறு டிராக் ஸ்டூடர் ஒன்றை வரவழைத்து, மறுபடியும் மிக்சர் இல்லாமல் மைக்கைப் பின்னால் செருகிப் பதிவு செய்தது 'மெக்கார்ட்னி II' (1980). அதில் வந்த 'கமிங் அப்' பாடலை நியூயார்க்கில் கேட்ட ஜானுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அடுத்தது 2020. கொரோனா ஊரடங்கில் சசெக்ஸில் தன் சொந்த ஸ்டுடியோவுக்குப் போய், பாதியில் நின்றிருந்த பாடல்களை எடுத்துத் தூசி தட்டி வாசிக்க ஆரம்பித்தார். அப்போது வயது 78. 'மெக்கார்ட்னி III' அந்த டிசம்பர் 18-ல் வெளிவந்து, 1970-ல் கிடைக்காத பிரிட்டன் முதலிடத்தைப் பிடித்தது. அதில் ஒரு பாடலில் எல்விஸ் பிரெஸ்லிக்கு வாசித்த பில் பிளாக்கின் பழைய டபுள் பேஸ் ஒலிக்கிறது. பல வருடங்களுக்கு முன் லிண்டா வாங்கிப் பரிசளித்த வாத்தியம் அது.